எட்டாவது நாற்காலி

அந்தத் தெருவில் அவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர். அவர் நாற்காலி செய்து பதினாலு மாதம் ஆகிறது. தெரு இன்னும் பெயரை மாற்றவில்லை. தெருவுக்கு வேறு வேலை இருக்கிறது. இந்தப் பதினாலு மாதத்தில் அவர் செய்ததெல்லாம் அலமாரி, கதவு, செருப்பு ஸ்டாண்டு, ஒரு பல் டாக்டருக்குத் தடுப்பு. சாப்பாட்டு மேஜையும் ஆறு நாற்காலியும் வேணும் என்று யாராவது வந்தால், மேஜை செய்து தருகிறேன், நாற்காலி வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பார். டீக்கடையில் போய் நின்றால் டம்ளர் மட்டும்தான் இருக்கிறது என்று சொன்ன மாதிரி வந்தவர்கள் விழிப்பார்கள்.

அவர் மனைவிக்கும் தெரு ஒரு பெயர் வைத்திருந்தது: மெத்தைக்காரி. அவர் செய்கிற மரத்துக்கு ஃபோம் வெட்டி, உறை தைத்துப் போடுவது அவள் வேலை. பட்டறையில் ஒரு ப்ளைவுட் தட்டிக்கு இந்தப் பக்கம் அவள் தையல் மிஷின், அந்தப் பக்கம் அவர் ரம்பம். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் பேசிக்கொண்டதில் பாதி அந்தத் தட்டி வழியாகத்தான். நேருக்கு நேர் பேச வேண்டியிருந்தால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

பட்டறையின் பின் சுவரில் ஏழு நாற்காலிகள் கொக்கியில் தொங்கின, சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக. முதல் தடவை பார்ப்பவர்கள், மழையில் நனைந்து முறுக்கிக்கொண்டவை என்று நினைப்பார்கள். ஒவ்வொன்றின் முதுகும் வலது பக்கமாக வளைந்து, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பதுபோல இருக்கும். வலது கைப்பிடி இடதைவிட ஒரு சாண் உயரம். கால் வைக்கும் பலகையில் இடது காலுக்கு மட்டும் ஒரு கட்டை. முதுகு நேராக உள்ள எவரும் அதில் இரண்டு நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது. கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் ஒருமுறை சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு மூன்று நாள் லீவு போட்டார்.

அந்த ஏழிலும் கச்சிதமாக உட்கார்ந்த ஒரே ஆள் அவர்கள் மகள். அவளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது பட்டறைதான். பிறக்கும்போதே முதுகெலும்பு வலது பக்கம் வளைந்து, இடது கால் சற்றுக் குட்டையாகப் பிறந்தவள். கடையில் வாங்கிய எந்த நாற்காலியும் அவளைக் குத்தியது, தள்ளியது, கீழே விட்டது. நாலு வயதில் அப்பா ஒன்று செய்தார். அதில் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து பட்டறை நிர்வாகம் அவள் கைக்குப் போய்விட்டது. ஸ்க்ரூ கீழே கிடக்கிறது, எடுங்கள் என்பாள். அந்த அங்கிள் ரொம்ப நேரமாக நிற்கிறார், கவனியுங்கள் என்பாள். பென்சிலைத் தேடி அப்பா பட்டறையையே புரட்டிப் போடும்போது, எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, “உங்க காதுல இருக்கு” என்பாள்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு புது நாற்காலி. அதற்கு அளவெடுப்பதே ஒரு கூத்து. தெர்மாகோல் மணிகள் நிரப்பிய பெரிய ரப்பர் பை ஒன்று உண்டு. மேனேஜர் அதில் அமிழ்ந்து உட்கார, அப்பா வாக்குவம் கிளீனரை வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்ச, பை அவள் உடம்பைப் பிடித்தபடியே கல்லாக இறுகிவிடும். அவள் சிரிப்பு பக்கத்துத் தெருவரை கேட்கும். பிறகு அந்தக் குழியிலிருந்து அட்டையில் வளைவுகளை வெட்டி எடுத்து, அட்டையை வைத்து மரத்தை அறுப்பார். கூடவே, வரும் வருஷத்தின் வளர்ச்சிக்காக ஒன்றரை விரல் கூடுதலாக விடுவார். அது அவர்கள் கணக்கு. பத்தாவது பிறந்தநாளுக்கு ஏழாவது நாற்காலி வந்தது. அந்த ஒன்றரை விரலில் அரை விரல்கூட நிரம்பவில்லை. ஐந்து மாதம் கழித்து ஒரு காய்ச்சல் வந்தது. வளைந்த முதுகு நுரையீரலுக்கு விட்டுவைத்த இடம் குறைவு என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் கலைக்கூடத்து மேடம் வந்தார். அவர் வந்தது வரவேற்பு மேஜை ஒன்று செய்யச் சொல்ல. பின் சுவரைப் பார்த்ததும் மேஜையை மறந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு நாற்காலியின் முன்னும் கோவிலில் நிற்பதுபோல நின்றார். பிறகு, இதைப் படைத்தபோது உங்கள் மனதில் இருந்த நோக்கம் என்ன என்று கேட்டார்.

“உட்கார்றது,” என்றார் நாற்காலிக்காரர்.

மேடம் அதை ரசித்தார். பெரிய கலைஞர்கள் இப்படித்தான் குறைத்துப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும்போல. பயனை மறுக்கும் வடிவம் என்றார். சமச்சீர் மீதான கோபம் என்றார். நாற்காலிக்காரர் பென்சிலால் காதைக் குடைந்துகொண்டு கேட்டார். கடைசியில் மேடம் குரலைத் தாழ்த்தி, ஏழாவதைத் தொடாமல் தொட்டு, “இதுக்குள்ள ஒரு உடம்பு இருக்கு சார்” என்றார்.

“இருந்துச்சு,” என்றார் அவர்.

தட்டிக்கு அந்தப் பக்கம் மிஷின் நின்றது. மேடத்துக்கு அப்போதுதான் ஏதோ விளங்கியது. மெதுவாக, மரியாதையாக, ஏழையும் கலைக்கூடத்தில் நிரந்தரமாக வைக்க விருப்பம் என்று சொல்லி, ஒரு படிவத்தை வைத்துவிட்டுப் போனார். மேஜைக்கு அளவு கொடுக்க மறந்தே போனார்.

படிவத்தை மெத்தைக்காரி இரண்டு தடவை படித்தாள். ஆறாவது பத்தியில், படைப்புகள் கயிற்றுக்குப் பின்னால் வைக்கப்படும், யாரும் தொடவோ உட்காரவோ அனுமதி இல்லை என்றிருந்தது. கையெழுத்துப் போடலாம் என்றாள். அவர் தட்டியைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கமே வந்துவிட்டார்.

“நாற்காலிக்குக் கயிறு கட்டுவாங்களாம். உட்காராதேன்னு போர்டு வெப்பாங்களாம். உட்காரக்கூடாதுன்னா அது என்ன நாற்காலி? எம்பொண்ணு அதுலதானே உட்கார்ந்தா?”

“எனக்கு அந்தக் கயிறுதான் வேணும்,” என்றாள் அவள்.

அவள் கணக்கு அவளுக்கு. மேனேஜருக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மா ஏற்கெனவே மூன்று தடவை ஜாடையாகக் கேட்டுவிட்டாள், சும்மா தொங்குகிறதே, வேறு பிள்ளைக்கு ஆகுமே என்று. கேட்டது தப்பில்லை. ஆனால் அந்த உறையில் எந்த இடத்தில் எந்த முழங்கை தேய்ந்தது என்று தைத்தவளுக்குத் தெரியும். அந்தத் தேய்மானத்தின் மேல் வேறொரு முழங்கை தேய்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவரோ, வேறொரு பிள்ளை உட்கார்ந்தால்தான் அவை நாற்காலி, இல்லாவிட்டால் பிணம் என்ற கட்சி. ஒரு வாரம் இருவரும் தட்டி வழியாக மட்டும் பேசினார்கள். உப்புத்தாள் எங்கே, மிஷின் மேலே. சாப்பாடு, ஆகிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் ஒரு பஸ் டிரைவர் தன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பிசியோதெரபி அம்மா அனுப்பியிருந்தாள். ஒன்பது வயது, மெலிந்த உடம்பு, கேள்விக்கென்றே பிறந்த வாய். முதுகு இடது பக்கம் வளைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் அரை மணிக்கு மேல் உட்கார முடியவில்லை என்றும், மாடியில் தனி அறையில் படுக்கவைத்துவிடுகிறார்கள் என்றும், அடுத்த மாதத்துக்குள் சரியான நாற்காலி கொண்டுவந்தால்தான் வகுப்பில் வைத்துக்கொள்வோம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார் என்றும் டிரைவர் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரையே பார்த்தார். “அண்ணே, அதுல ஒண்ணு...”

மெத்தைக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலிக்காரர் ஆறாவதை இறக்கி வைத்துப் பார்த்தார். பிள்ளை அதில் ஒட்டவே இல்லை. இவளுடைய வளைவு இடது, அதனுடைய வளைவு வலது. கண்ணாடியில் தெரியும் ஆளுக்குச் சட்டை தைத்த கதை. ஆறாவது திரும்பச் சுவரில் ஏறியது, அவள் மூச்சு இறங்கியது. அவர் கொஞ்ச நேரம் பிள்ளையைப் பார்த்தார். பிறகு பரணிலிருந்து ரப்பர் பையை இறக்கினார்.

ஏழாவது நாற்காலிக்குப் பிறகு முதல் தடவையாக அந்த வாக்குவம் கிளீனர் இரைந்தது. பிள்ளை சிரிக்கவில்லை, எதற்கு, எப்படி, காற்று எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அட்டையில் வளைவுகளை வெட்டி, ஆணியில் மாட்டினார். அன்று சாயங்காலம் மெத்தைக்காரிக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இந்த ஒரு நாற்காலியை அவர் செய்து முடித்து, இந்தப் பிள்ளை அதில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய்விட்டால், தன் புருஷன் திரும்பி வந்துவிடுவார். பதினாலு மாதமாகத் தன்னோடு சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பது செருப்பு ஸ்டாண்டு செய்கிற யாரோ ஒருவர். படிவத்தை டிராயரில் போட்டு மூடினாள்.

அடுத்த பதினோரு நாளும் பட்டறை பழைய பட்டறையாக இருந்தது. அவர் சீட்டியடித்தார். சுருதி இல்லாத சீட்டிதான், ஆனாலும் அவருடையது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து இழைப்புளிச் சத்தம் கேட்டாலே, இப்போது முதுகு, இப்போது கைப்பிடி என்று இவளுக்குப் புரிந்தது. ஃபோம் எவ்வளவு கனம் என்று அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. எங்கே குழி, எங்கே மேடு என்று கைக்கே தெரிந்திருந்தது. ஒருநாள் அவர் தட்டிக்கு மேலே தலையை நீட்டி, “நாம ரெண்டு பேரும் பேசாம வேலை பார்த்தா அரைநாள் மிச்சம் பாத்தியா” என்றார். பேசினால் முழுநாள் சண்டை என்று அவள் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். சிரித்ததும் இருவருமே கொஞ்சம் பயந்து, அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் டிரைவர் லீவு போட்டுவிட்டு வந்தார். நாற்காலி நடுவில் நின்றது, புது ரெக்ஸின் பளபளக்க. நாற்காலிக்காரர் பிள்ளையைத் தானே தூக்கி உட்காரவைத்தார். வாரைக் கட்டினார். ஒரு அடி பின்னால் போய் நின்று கைகளைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளை ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். உடம்பு மெல்ல இடது பக்கம் சரிந்தது. இடது முழங்கால் மேலே எழும்பி நின்றது.

“மாமா, இது என்னைத் தள்ளுது.”

“புதுச் செருப்பு மாதிரிண்ணே, பழகினா சரியாயிடும்,” என்றார் டிரைவர், யார் மனதும் நோகக் கூடாது என்று. “சரியா உட்காரும்மா.”

“நான் சரியாத்தான் உட்கார்றேன். இதுதான் வேற யாரையோ உட்கார வெக்குது.”

அவர் முட்டிபோட்டு இஞ்ச் டேப்பை நீட்டினார். ஆணியிலிருந்து அட்டையை எடுத்து முதுகில் வைத்தார். அட்டை இடது பக்கம் வளைந்தது, மரம் வலது பக்கம் வளைந்தது. மறுபடி வைத்தார். அட்டையைத் திருப்பி வைத்துப் பார்த்தார். நாற்பது வருஷம் மரத்தோடு பழகியவர், மரம் தன்னிடம் பொய் சொல்கிறது என்பதுபோலப் பார்த்தார்.

மெத்தைக்காரி பார்த்தது கீழே. கால் பலகையில், இடது காலுக்கு ஒரு கட்டை. இந்தப் பிள்ளைக்கு இரண்டு காலும் ஒரே நீளம். யார் கேட்டார்கள் இந்தக் கட்டையை? யாரும் கேட்கவில்லை. அவர் அதை வைத்தார். அவர் வைத்த கட்டைக்கு ரெக்ஸின் சுற்றி, ஓரம் மடித்து, நாலு ஆணி அடித்தது இவள். பதினோரு நாளில் அந்த அட்டையை இருவரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பெருமை வேறு பட்டுக்கொண்டார்கள்.

டிரைவரிடம் அவள்தான் பேசினாள். தப்பு எங்களுடையது, பத்து நாள் கொடுங்கள், ஹெட்மாஸ்டர் சொன்ன தேதிக்குள் தந்துவிடுவோம் என்றாள். டிரைவர் தலையாட்டிவிட்டு மகளைத் தோளில் ஏற்றினார். அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. பிள்ளை தோளிலிருந்து திரும்பி, அது யாருக்குச் செய்தது என்று கேட்டுக்கொண்டே போனாள். தெருமுனைவரை அந்தக் கேள்வி கேட்டது.

அவர்கள் போனபின் அவள் இஞ்ச் டேப்பால் உட்காரும் பலகையை அளந்தாள். பிறகு சுவரில் ஏழாவதை அளந்தாள். ஆழத்திலும் முதுகிலும் ஏழாவதைவிட இது சரியாக ஒன்றரை விரல் கூடுதல். டிரைவர் மகள் ஒன்பது வயதுக்கே சின்ன உடம்பு. இது பதினோரு வயதுப் பிள்ளையின் நாற்காலி.

அவர் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். “நான் இவளுக்குத்தான் செஞ்சேன்,” என்றார். “சத்தியமா இவளுக்குத்தான் செஞ்சேன்.”

“நானும்தான்.”

“என் கை...”

“சுவத்துல அது ஏழும் தொங்கற வரைக்கும் உங்க கை வேற எதையும் செய்யாது. என் கையும் செய்யாது. நம்ம கை எப்படியோ போகட்டும், அந்தப் புள்ள மாடியில படுத்துக் கிடக்கும்.”

அவர் எழுந்தார். கயிறு கட்டுவார்கள், போர்டு வைப்பார்கள் என்றெல்லாம் இப்போது சொல்லவில்லை. டிராயரைத் திறந்து படிவத்தை எடுத்து, பென்சிலால் கையெழுத்துப் போட்டார். பேனாவில் போடணும் என்று அவள் சொன்னதும், அதன் மேலேயே பேனாவால் ஒருமுறை எழுதினார்.

இரண்டு நாளில் வேன் வந்தது. வெள்ளைக் கையுறை போட்ட இரண்டு பேர் ஒவ்வொன்றாக இறக்கி, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகு சுற்றுகிற மாதிரி குமிழ்த் தாளில் சுற்றினார்கள். மேனேஜர் இருந்திருந்தால், அந்த அண்ணனுக்குச் சுற்றத் தெரியவில்லை, டேப்பை வீணாக்குகிறார் என்று சொல்லியிருப்பாள். கலைக்கூடத்து மேடம் ஏழாவதின் கைப்பிடியில் தேய்ந்திருந்த இடத்தையும், பால்பாயிண்ட் பேனாவால் கிறுக்கியிருந்த ஒரு பூனையையும் பார்த்துக் கண் கலங்கினார். அவர் நல்ல மனுஷி. அதில் சந்தேகமில்லை. சுவரில் ஏழு கொக்கி மட்டும் மிச்சம்.

அப்போதுதான் மேடம் மூலையில் எட்டாவதைக் கவனித்தார். இது என்ன என்றார். நாற்காலிக்காரர் கொஞ்சம் தயங்கி, அதையும் எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று மெத்தைக்காரிக்கு மட்டும் தெரியும். யாரும் உட்காராத நாற்காலி, யாரும் உட்கார முடியாத நாற்காலி. மேடம் அன்றைக்குச் சொன்ன அத்தனைக்கும் பொருந்துகிற ஒரே ஒன்று அதுதான்.

மேடம் அதை இரண்டு தடவை சுற்றி வந்தார். விரலால் ரெக்ஸினைத் தடவினார். முகத்தில் ஒரு சங்கடம் வந்தது.

“வேலைப்பாடு அருமை சார். ஆனா இதுல யாரும் வாழ்ந்த தடயமே இல்லையே,” என்றார். “தப்பா எடுத்துக்காதீங்க. இது வெறும் ஃபர்னிச்சர் மாதிரி இருக்கு.”

ஒருவழியாக ஒரு நாற்காலியையாவது நாற்காலி என்று அந்த அம்மாள் ஒப்புக்கொண்டுவிட்டார். நாற்காலிக்காரர் அதற்குச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. சரிங்க என்றார். வேன் போயிற்று.

டிரைவர் மகளின் நாற்காலிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. நல்ல தேக்கு வேறு கைவசம் இல்லை. இருந்ததெல்லாம் எட்டாவதில் இருந்த மரம்தான். எட்டாவதை இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். தட்டியை அவள்தான் கழற்றி ஓரமாகச் சாய்த்தாள். இனிமேல் அட்டையை இருவரும் பார்க்க வேண்டும், ஒருவர் பார்க்காவிட்டால் மற்றவர் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. இடது என்று ஒரு காகிதத்தில் கொட்டை எழுத்தில் எழுதி இழைப்புளிக்கு நேரே ஒட்டினாள்.

அவர் திருப்புளியோடு முதுகுப் பக்கம் உட்கார்ந்தார். அவள் கைப்பிடியின் உறையைப் பிரித்தாள். தான் போட்ட தையல் என்பதால் எங்கே அறுத்தால் எல்லாம் ஒரே இழுப்பில் வரும் என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தையலாகத்தான் எடுத்தாள். ஃபோம் புத்தம் புதிதாக, ஒரு பள்ளம்கூட விழாமல் வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே யாரோ பைக்கைக் கிளப்ப உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவே இல்லை.

“ஒன்றரை விரல் விட்டிருக்கேன்,” என்றார் அவர், ஸ்க்ரூவைப் பார்த்தபடியே. “இந்த வருஷத்துக்கு அது சரியா இருந்திருக்கும்ல?”

அவள் இஞ்ச் டேப்பைத் தேடவில்லை. யோசித்துப் பார்த்தாள்.

“பத்தாது,” என்றாள். “பதினோரு வயசுல புள்ளைங்க சட்டுனு வளந்துரும். ரெண்டு விட்டிருக்கணும்.”

அவர் தலையாட்டினார். கழற்றிய ஸ்க்ரூவை டப்பாவில் போட்டுவிட்டு, அடுத்ததற்குப் போனார்.